அறுபதைத் தொடும் கிப்சன் 175: வாசிக்கும் கைக்கு வாங்கலாமா?

மிச்சிகன் மாநிலம் கலமாசூ நகரின் பார்சன்ஸ் தெருத் தொழிற்சாலையில் 1966 வாக்கில் உருவான கிப்சன் ஈ.எஸ்.-175டி ஒன்று சில வாரங்களாக என் வீட்டில் இருக்கிறது. பள்ளியில் இசை கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. விரல் மூட்டுகளில் வலி வந்தபின் அவரால் வாசிக்க முடியவில்லை, விற்பதென்று முடிவெடுத்துவிட்டார். “இதன் நிலைமை என்ன, யாருக்கு விற்பது நியாயம், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்” என்று கேட்டு ஒப்படைத்தார். வாசித்தேன், அளந்தேன், பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கும் எழுதுகிறேன்.

பழைய ஜாஸ் கிட்டார் தேடுகிறவர்கள் முதலில் ஆண்டைக் கேட்கிறார்கள். அடுத்து, எல்லாம் ஒரிஜினலா என்று கேட்கிறார்கள். இரண்டும் சேகரிப்பவரின் கேள்விகள். வாசிக்க வாங்குகிறவர் கேட்க வேண்டியவை வேறு: நெக் சரியான கோணத்தில் நிற்கிறதா, மேல்பலகை அமுங்கியிருக்கிறதா, மூட்டுகளில் பசை பிடித்திருக்கிறதா, ஃபிரெட்டில் இன்னும் உயிர் இருக்கிறதா. உள்ளே முழுக்க வெறுமையாக இருக்கும் ஹாலோ-பாடி கிட்டாரில் இவைதான் ஒலி. ஆண்டு பெரும்பாலும் விலையைத்தான் நிர்ணயிக்கிறது. கையில் இருக்கும் இந்த 175 அதை எனக்கு மறுபடி உறுதிப்படுத்தியது.

மாடலைப் பற்றிக் கொஞ்சம். கிப்சனின் மின் ஸ்பானிஷ் கிட்டார் வரிசை 1936-இல் ஈ.எஸ்.-150 உடன் தொடங்கியது. பென்னி குட்மன் குழுவில் சார்லி கிறிஸ்டியன் வாசித்து உலகறியச் செய்த கிட்டார் அதுதான். 175 வந்தது 1949-இல். பெயரில் உள்ள எண் அன்றைய விலை, டாலர் கணக்கில். முதலில் நெக் பக்கம் ஒரே ஒரு பி-90 பிக்கப். 1953-இல் இரண்டு பிக்கப் கொண்ட வகை சேர்ந்தது. டி என்ற எழுத்து அதைக் குறிக்கிறது. 1957-இல் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் பிக்கப்புகள் இடம்பிடித்தன. உடல் அகலம் 16¼ அங்குலம், ஆழம் 3⅜ அங்குலம், கம்பியின் நீளம் 24¾ அங்குலம். 14-ஆம் ஃபிரெட்டில் நெக் உடலோடு சேர்கிறது. மேல் ஃபிரெட்களுக்கு விரல் போக வசதியாகக் கூர்மையாக வெட்டிய புளோரன்டைன் கட்டவே.

இதன் முகப்பு, முதுகு, விலா மூன்றுமே மேப்பிள் முகம் கொண்ட ஒட்டுப்பலகை. கிப்சனின் விலை உயர்ந்த எல்-5-இல் ஸ்புரூஸ் கட்டையைக் குடைந்து, செதுக்கி, மெலிதாக்கி முகப்பு செய்வார்கள். 175-க்கு அந்த உழைப்பு கிடையாது. பலகைகளை ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்ததோடு சரி. “வெறும் பிளைவுட்டா?” என்று முகம் சுளிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒட்டுப்பலகைதான் இந்தக் கிட்டாரின் பலம். செதுக்கிய ஸ்புரூஸ் எளிதில் அதிரும். ஆம்ப்ளிஃபயர் ஒலியை வாங்கி ஊளையிடத் தொடங்கும். ஒட்டுப்பலகை கனமானது, பிடிவாதமானது. டிரம்ஸ், டபுள் பேஸ், சாக்ஸபோனோடு மேடையில் நிற்க வேண்டிய கிட்டார் கலைஞருக்கு அந்தப் பிடிவாதம் தேவைப்பட்டது. செதுக்கிய முகப்பைப் போல இழையோடு விரிசல் விடும் பயமும் குறைவு. அறுபது வருடம் தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹெர்ப் எல்லிஸ், ஜிம் ஹால், ஜோ பாஸ், பாட் மெத்தனி என்று இதை வாசித்தவர்களின் வரிசை நீளம். யெஸ் குழுவின் ஸ்டீவ் ஹவ் ராக் இசைக்குள்ளேயே இதைக் கொண்டுபோனார். ‘எல்லாம் ஒரிஜினலா’ என்று கேட்பவர்கள் இவர்களுடைய கிட்டார்களைக் கொஞ்சம் உற்றுப்பார்க்க வேண்டும். ஜிம் ஹாலின் 175 அவர் கைக்கு வரும்போதே பழையது. ஹவர்ட் ராபர்ட்ஸ் என்ற இன்னொரு கிட்டார் கலைஞரிடமிருந்து வாங்கியது. அதிலிருந்த பி-90 பிற்பாடு எடுக்கப்பட்டு ஹம்பக்கர் பொருத்தப்பட்டது. இன்றைய சந்தை மொழியில் அது பாகம் மாற்றப்பட்ட கிட்டார், மதிப்புக் குறைந்தது. அந்தக் கிட்டாரில்தான் அத்தனை மென்மையான ஜாஸ் பிறந்தது. தேவை என்று பட்டதை அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்; கருவி உழைத்தது.

இனி என் கையில் இருக்கும் கிட்டார். முதல் வேலை வயதை உறுதிசெய்வது. ஹெட்ஸ்டாக்கின் பின்னால் ஆறு இலக்க எண் குத்தியிருக்கிறது. அதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் 1960-களில் கிப்சன் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. அந்தப் பத்தாண்டின் எண்ணைக் காட்டி “இது 1963 மாடல்” என்று அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே எட்டிப்பார்த்தால் நீள்வட்ட ஆரஞ்சு நிறச் சீட்டு தெரிகிறது. மாடல் பெயரும் அதே எண்ணும் இருக்கின்றன. கண்ணாடியைத் திருப்பி, சிறு விளக்கை நுழைத்து, வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகைப் படித்தேன். 137 என்று தொடங்கும் எண். 137 என்றால் சி.டி.எஸ். நிறுவனத் தயாரிப்பு, அதையடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம் வாரம். ஆண்டு 66 என்றிருக்கிறது. கிட்டார் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. சில மாதங்கள் பிந்தியிருக்கலாம்.

ஆண்டு உறுதியானதும் இன்னொரு விஷயம் வெளிவருகிறது, இந்த விமர்சனத்தில் முக்கியமானது. 1965-இல் கிப்சன் தன் நெக்குகளைக் குறுக்கியது. அதுவரை நட் பகுதியில் 1¹¹⁄₁₆ அங்குலம், அதாவது 43 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக இருந்த அகலம் 1⁹⁄₁₆ அங்குலமானது. வெர்னியர் வைத்து அளந்தேன்: 39.7 மி.மீ. மூன்று மி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். முதல் மூன்று ஃபிரெட்டுக்குள் நான்கு விரல் கார்டு பிடித்துப் பாருங்கள். தடித்த விரல்களுக்கு நடுவிரலின் சதை அடுத்த கம்பியைத் தொட்டுவிடும், அந்தக் கம்பி ஊமையாகிவிடும். எனக்கு மெலிந்த விரல்கள். இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது. ஐந்தாம் ஃபிரெட்டைத் தாண்டிவிட்டால் தொல்லையே இல்லை. வாங்குகிறவர் கட்டாயம் கையில் பிடித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் மாடல் அல்ல, 1965-க்குப் பிந்திய 175.

நெக் ஒரே துண்டு மஹாகனி. ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாயும் இடம் கிப்சன்களின் பலவீனம். நெக்கை நேராக்கும் கம்பியின் மரையாணிக்காக அங்கே மரத்தைக் குடைந்திருப்பார்கள், இழையும் குறுக்காக ஓடும். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை விழுந்தால் போதும், அங்கேதான் முறியும். திறமையாக ஒட்டி, மேலே லாக்கர் பூசி, விஷயத்தையே மறைத்து விற்பவர்கள் உண்டு. இருட்டறையில் புறஊதா விளக்கு அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும், புதிதாகப் பூசிய இடம் கறுத்துத் தனித்து நிற்கும். இந்தக் கிட்டாரின் நெக் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒளிர்கிறது. முறிவு இல்லை. மரையாணியைக் கால் திருப்பு திருப்பினேன், இணங்கியது. இன்னும் திருக இடமிருக்கிறது. இதுவே பாதி நிம்மதி.

மீதிப் பாதி பிரிட்ஜில். இந்தக் கிட்டாரின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல. கம்பிகளின் அழுத்தத்தில் மட்டும் முகப்பின்மேல் நிற்கிறது. இரண்டு சிறு சக்கரங்களைத் திருகி ஏற்றி இறக்கலாம். அந்தச் சக்கரங்கள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்பது இந்தக் கிட்டாரின் மருத்துவக் குறிப்பு. அடிவரை இறக்கியும் கம்பிகள் உயரமாகவே இருந்தால் நெக் முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி ஒட்ட வேண்டும், செலவு பெரிது. மாறாக, பிரிட்ஜை உச்சிவரை தூக்கியிருந்தால் முகப்பு அமுங்கியிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இதில் சக்கரங்கள் நடுவாட்டத்தில் நிற்கின்றன. 12-ஆம் ஃபிரெட்டில் தடித்த ஈ கம்பிக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.6 மி.மீ. உயரம். முகப்பின்மேல் நேர்கோல் வைத்துப் பார்த்தேன். இரு பிக்கப்புக்கும் நடுவே வளைவு கெடவில்லை. நெக்கின் குதிகாலில் லாக்கரில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. பார்த்தவுடன் பயமாக இருந்தது. கம்பிகளை முழுச் சுருதியில் வைத்துக்கொண்டு நெக்கை முன்னும் பின்னும் மெதுவாக அழுத்தினேன். கோடு திறக்கவில்லை, மூட்டில் ஒலியும் இல்லை. லாக்கர் மட்டும் வெடித்திருக்கிறது, பசை அப்படியே இருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓரப்பட்டை, அதாவது உடலின் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பைண்டிங், இடுப்பு வளைவில் ஒரு விரல்நீளத்துக்குப் பெயர்ந்து நிற்கிறது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் ஆண்டுக்காண்டு சுருங்கும். சுருங்கச் சுருங்க உள்வளைவில் இழுபட்டுப் பிரியும். மிச்சிகன் குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டின் வறண்ட காற்று அதை விரைவுபடுத்தியிருக்கும். பிரிந்தது மட்டும்தான், உதிரவில்லை, பொடியாகவில்லை. நல்ல கைவினைஞர் சூடுகாட்டி, ஒட்டி, நாடா சுற்றி வைத்தால் தீர்ந்தது. பட்டை நொறுங்கத் தொடங்கிய கிட்டார் வேறு கதை: சிதையும் செல்லுலாய்டு அமில ஆவியை வெளியிடும், பக்கத்திலுள்ள ஃபிரெட்டும் உலோகப் பாகங்களும் பச்சை பூத்து அரிக்கும். பெட்டியைத் திறந்ததும் காரமான புளிப்பு வாடை மூக்கில் ஏறினால் விற்பவர் என்ன சொன்னாலும் சுற்றிவரப் பாருங்கள்.

இரண்டாவது குறை ஜாக் துளை. 175-இல் ஒயர் செருகும் ஜாக் விலாவில், மெல்லிய ஒட்டுப்பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஒயரை யாராவது மிதித்தால் அதிர்ச்சி முழுவதும் அந்தப் பலகைக்குப் போகும். இதிலும் துளையைச் சுற்றி அரை வட்டமாக விரிசல் விட்டிருக்கிறது. யாரோ உள்பக்கம் மேப்பிள் துண்டு ஒன்றை வைத்துப் பசைபோட்டு இறுக்கியிருக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் பசை பிதுங்கிய இடம்கூடத் துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. வெளியே விரிசலை மறைக்க எந்த முயற்சியும் இல்லை. இப்படிப்பட்ட வேலைக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை, கூட்டுகிறேன். கருவியை மதித்த ஒருவர் செய்த வேலை அது.

சுருதி முறுக்கிகள் மாற்றப்பட்டவை. பிறந்தபோது க்ளூசன் இருந்திருக்கும். அவற்றின் பிளாஸ்டிக் பிடிகள் காலப்போக்கில் சுருங்கி, கை வைத்தால் நொறுங்கும். இப்போது இருப்பவை குரோவர். அவற்றுக்காக ஹெட்ஸ்டாக்கின் துளைகளைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சேகரிப்பவர் இதைப் பார்த்ததும் விலையை இறக்குவார், அந்தத் துளையை மூட முடியாது என்பதால். வாசிப்பவருக்கோ சுருதி நிற்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மேடையேறிய எத்தனையோ கிட்டார்களில் இதே மாற்றம் நடந்தது. என் கணக்கில் இது லாபம்.

ஃபிரெட்களில்தான் உண்மையான செலவு காத்திருக்கிறது. கிப்சன் தொழிற்சாலையில் ஃபிரெட்டைப் பொருத்திய பிறகு, ஓரப்பட்டையைச் சீவும்போது ஒவ்வொரு ஃபிரெட் முனையிலும் ஒரு சிறு பிளாஸ்டிக் மேடு விடுவார்கள். ஃபிரெட் மாற்றினால் பெரும்பாலும் அந்த மேடுகள் போய்விடும். இந்தக் கிட்டாரில் இருபது ஃபிரெட்டிலும் மேடுகள் அப்படியே இருக்கின்றன. விரல்நுனியால் தடவினாலே தெரிகிறது. ஆக, அறுபது வருடமாக அதே ஃபிரெட்கள். முதல் ஐந்து ஃபிரெட்டில் மேல் மூன்று கம்பிகளின் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. ஆசிரியர் எந்தக் கார்டுகளை அதிகம் பிடித்திருக்கிறார் என்பதை அந்தப் பள்ளங்களே காட்டிக்கொடுக்கின்றன. ஒருமுறை தேய்த்துச் சமன்செய்யக் கொஞ்சம் உயரம் மிச்சமிருக்கிறது. அடுத்த முறை மாற்றித்தான் ஆக வேண்டும். மேடுகள் போய்விடுமே என்று மாற்றாமல் வைத்திருப்பது, என்னைக் கேட்டால், கருவிக்குச் செய்யும் துரோகம்.

பிக்கப்புகளுக்கு வருவோம். பழைய கிப்சன் சந்தையில் பாதிப் பணம் சுற்றுவது இந்த இரண்டு உலோகப் பெட்டிகளைச் சுற்றித்தான். 1957 முதல் 1962 வாக்கு வரை வந்த ஹம்பக்கர்களின் அடியில் ‘பேட்டன்ட் அப்ளைடு ஃபார்’ என்ற சிறு கறுப்புச் சீட்டு ஒட்டியிருக்கும், பி.ஏ.எஃப். என்று செல்லமாக அழைக்கப்படுபவை. அதற்குப் பிறகு சீட்டில் காப்புரிமை எண் அச்சானது. இந்தக் கிட்டாரில் இருப்பவை அந்த எண் சீட்டு கொண்டவை. அதிலுள்ள 2,737,842 என்ற எண் ஹம்பக்கருக்கு உரியதே அல்ல. லெஸ் பால் பெற்ற கம்பித்தாங்கி காப்புரிமையின் எண். சேத் லவரின் ஹம்பக்கர் காப்புரிமை 1959-இல் வழங்கப்பட்டது. அதன் எண் 2,896,491. சீட்டில் அது வரவே இல்லை. சீட்டைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஜாக் வழியாக அளந்ததில் நெக் பிக்கப் 7.3 கிலோ ஓம், பிரிட்ஜ் பிக்கப் 7.5. இரண்டும் உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கின்றன. பிரிட்ஜ் பிக்கப்பின் மூடியை எப்போதோ கழற்றி மறுபடி பற்றவைத்திருக்கிறார்கள்; பற்றவைத்த ஈயம் சற்றுத் திட்டுத்திட்டாக இருக்கிறது. ஒலியில் பாதிப்பு இல்லை. வால்யூம் குமிழ்கள் கரகரத்தன. மின்தொடர்பைச் சுத்தம் செய்யும் திரவத்தை ஒரு துளி விட்டுப் பத்துப் பதினைந்து முறை திருப்பியதும் அடங்கின.

ஒரு அதிர்வு மட்டும் என்னை ஒரு முழு மாலை அலைக்கழித்தது. ஆறாம் கம்பியில் ஆறாம் ஃபிரெட், பி ஃபிளாட். அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் எங்கிருந்தோ ‘ஜ்ஜ்ஜ்’ என்று கூடவே ஒரு ரீங்காரம். முகப்பின் உள்ளே நீளவாக்கில் இரண்டு தாங்குகட்டைகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று பசை விட்டிருந்தால் இப்படித்தான் கேட்கும், பழுதுபார்ப்பதும் கடினம். விரல்முட்டியால் முகப்பை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டேன். எங்கும் ஒரே ஒலி, வெற்றுத்தட்டல் இல்லை. பிறகு மகனை உட்காரவைத்து அதே சுரத்தை மீட்டிக்கொண்டே இருக்கச் சொன்னேன். நான் ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன்: பிக்கப் சட்டம், குமிழ்கள், வளைந்து நெளிந்த அலங்காரத்தோடு நிற்கும் கம்பித்தாங்கி, அதன் கீல். பிக்கார்டைப் பக்கவாட்டில் தாங்கும் சிறு தகட்டைத் தொட்டதும் ரீங்காரம் நின்றது. அதன் திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கினேன், முடிந்தது. பழைய ஹாலோ-பாடி கிட்டாரில் அதிர்வு கேட்டவுடன் “தாங்குகட்டை போச்சு” என்று விலையை வெட்டும் வியாபாரிகள் இருக்கிறார்கள். விற்பவர்கள் முதலில் இப்படித் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

கம்பிகளை மாற்றி, மேல்தளம் வழவழப்பான தாமஸ்டிக் ஜாஸ் ஸ்விங் 12 போட்டேன். இதன் ரோஸ்வுட் பிரிட்ஜில் வெட்டிய படிகள், மூன்றாம் கம்பி சுற்றுக்கம்பியாக இருக்கும் என்று கருதிச் செய்தவை. இன்றைய மெல்லிய கம்பித்தொகுதியைப் போட்டால் மூன்றாம் கம்பி மேலே போகப்போகச் சுருதி கூடிவிடும். ‘கிட்டாரே சரியில்லை’ என்று தோன்றும். கிட்டாரில் தவறில்லை.

22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப் ஆம்ப்பில் இணைத்து, நெக் பிக்கப், டோன் குமிழ் பாதிக்குக் கீழே. முதல் சுரத்திலேயே அது வந்துவிடுகிறது: தொடக்கத்தில் மரத்தின் ‘டொக்’, உடனே உருண்டையான ஒரு சுரம், பிறகு சட்டென்று விலகல். ராக் கிட்டார் வாசிப்பவர்கள் நாடும் நீண்ட இழுவை இங்கே கிடையாது. அந்த விலகல்தான் ஜாஸுக்கு வேண்டியது. பில் எவன்ஸின் பியானோவோடு ஜிம் ஹால் மட்டும் சேர்ந்து வாசித்த 1962-இன் ‘அண்டர்கரன்ட்’ தொகுப்பைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிட்டார் சுரம் சீக்கிரம் அடங்குவதால்தான் பியானோவுக்கு இடம் கிடைக்கிறது, ஒன்றின்மேல் ஒன்று குவிவதில்லை. நான்கு சுரக் கார்டில் நான்கும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. டோன் குமிழை முழுக்கத் திறந்தால் நடுவில் ஒரு கடிப்பு வருகிறது. ஸ்டீவ் ஹவ் இதில் எதைக் கண்டார் என்பது அப்போது புரிகிறது. பிரிட்ஜ் பிக்கப்பைத் தனியாக நான் அதிகம் பயன்படுத்தவில்லை. இரண்டையும் சேர்த்து, பிரிட்ஜ் பிக்கப்பின் வால்யூமைக் குறைத்து வைத்தால் தாளக் கார்டுகளுக்கு நல்ல தெளிவு.

ஆம்ப்பை ஐந்துக்கு மேல் ஏற்றி அதன் எதிரே நின்றால் ஏ கம்பியைச் சுற்றியுள்ள சுரங்களில் ஊளை எழுகிறது. உடலைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் அடங்கிவிடும். அதற்கும் மேல் சத்தம் வேண்டியவர்களுக்கு நடுவில் கட்டை வைத்த ஈ.எஸ்.-335 இருக்கிறது. ஆம்ப் இல்லாமலும் வாசித்தேன். ஒரு அறைக்குள், ஒருவருக்கு மட்டும் போதுமான ஒலி. இரவு வீட்டார் தூங்கிய பிறகு பயிற்சி செய்ய ஏற்றது.

எடை மூன்று கிலோவைச் சுற்றி. ஆழமான உடல் என்பதால் வலது தோள் சற்று உயர்ந்தே இருக்கும். நீண்ட நேரம் நின்று வாசித்தால் தோளில் தெரிகிறது. உட்கார்ந்து வாசிக்க இதைவிடச் சௌகரியமான கிட்டார் குறைவு.

வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபிரெட்போர்டு ரோஸ்வுட். 1960-களின் நடுப்பகுதி வரை கிப்சன் பயன்படுத்தியது பிரேசில் ரோஸ்வுட். பிறகு இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் நம் ஈட்டி மரத்துக்கு மாறியது. 1966 அந்த மாற்றத்தின் நடுவே வருகிற ஆண்டு. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். ஈட்டி உள்ளிட்ட மற்ற ரோஸ்வுட் வகைகளுக்கு 2017-இல் வந்த கட்டுப்பாடு, முடிந்த நிலையிலுள்ள இசைக்கருவிகளைப் பொறுத்தவரை 2019 நவம்பரில் தளர்த்தப்பட்டது. எனவே 1960-களின் 175 ஒன்றை வாங்கி இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவர விரும்புகிறவர்கள், மரம் எது என்று விவரம் தெரிந்தவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, சான்று கிடைத்த பிறகே விமானத்தில் ஏற்றுங்கள். குளிர்நாட்டிலிருந்து பெட்டியில் வந்து சேர்ந்தால் உடனே திறக்க வேண்டாம். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வைத்திருங்கள். இல்லையென்றால் லாக்கர் சிலந்திவலையாக வெடிக்கும். பிறகு 45 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள்.

கலமாசூ தொழிற்சாலையை கிப்சன் 1984-இல் மூடிவிட்டது. அங்கேயே தங்கிவிட்ட ஊழியர்கள் சிலர் 1985-இல் அதே கட்டிடத்தில் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இந்தக் கிட்டாரைச் செய்த கைகளில் சில அங்கே தொடர்ந்து வேலை செய்திருக்கக்கூடும்.

உரிமையாளரிடம் நான் சொன்ன தீர்ப்பு இதுதான். சேகரிப்பவருக்கு விற்க முயல வேண்டாம். மாறிய முறுக்கி, குறுகிய நெக், எண் சீட்டு பிக்கப், ஜாக் விரிசல் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கழித்துக்கொண்டே போவார். வாங்கியபின் பெட்டியில் பூட்டி வைப்பார். பி.ஏ.எஃப். காலத்து 175-இன் விலையில் பாதிக்கும் கீழே விலை வைத்து, தினமும் எடுத்து வாசிக்கப்போகும் ஒருவரிடம் கொடுங்கள். ஓரப்பட்டையை ஒட்டும் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், ஃபிரெட் செலவை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் அதே நேர்மையோடு சொல்கிறேன்: விரல்கள் மெலிந்தவையாக இருந்து, 40 மி.மீ. நெக் உங்களுக்குப் பொருந்தினால், இந்த நிலைமையிலுள்ள 1966 கிட்டாரைத் தயங்காமல் வாங்கலாம். பொருந்தாவிட்டால் 1965-க்கு முந்தியதைத் தேடுங்கள். அதற்கு விலை கூடும். எந்த ஆண்டாக இருந்தாலும் பணத்தை எண்ணும் முன் பிரிட்ஜ் சக்கரத்தின் உயரத்தைப் பார்த்துவிடுங்கள்.